தேவாரம் வழியாகக் கம்பம்

தேனியிலிருந்து பைக்கைக் கிளப்பும்போது செல்லப்பாண்டிக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. புருஷனை விட்டுவிட்டுக் கம்பத்தில் தோழி வீட்டில் போய் உட்கார்ந்திருக்கும் மகள் இளவஞ்சியை, இன்றே இழுத்துப்போய் மாமியார் வீட்டில் விடுவதென்று முடிவு செய்திருந்தார்.

பைக்கின் கைப்பிடியில் இருந்த உணரி அவர் நாடித்துடிப்பைப் பார்த்தது. “சின்னமனூர் வழி வேண்டாம். போடி, தேவாரம் வழியாகப் போகலாம், பார்க்க அழகாக இருக்கும்” என்றது வண்டியின் வரைபடக் குரல்.

“அழகு பாக்குற நேரமாய்யா இது?” என்று அதட்டினார். ஆனால் ஓட்டுபவரின் படபடப்பு அடங்காதவரை அந்த வண்டி நேர்வழியில் நகராது. முணுமுணுத்தபடி போடி பக்கம் திருப்பினார்.

தேவாரம் தாண்டியதும் மலையிலிருந்து ஈரக்காற்று இறங்கியது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே, மேகம் தொட்ட மலையைப் பார்த்துக்கொண்டே போனார். கொஞ்ச நாளாகவே போனில் மகளின் குரல் கம்மிப்போயிருந்தது அப்போதுதான் உறைத்தது. ஏன் என்று அவர் ஒருதடவைகூடக் கேட்டதில்லை.

கதவைத் திறந்த இளவஞ்சி, அப்பாவைக் கண்டதும் பயந்து பின்வாங்கினாள்.

“என்னம்மா நடந்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அவள் கையை நீட்டினாள். முழங்கை வரை சூட்டுத்தழும்புகள்.

செல்லப்பாண்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம வீட்டுக்குப் போவோம்மா. நேர்வழியில வந்திருந்தா நானும் அடிச்சிருப்பேன்” என்றார்.

வெளியே வந்ததும், மகள் பின்னால் ஏறும் முன், வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.