மகளின் இனிஷியல்

நிறுவனங்கள் வழக்கறிஞர்களை விலைக்கு வாங்கிய பிறகு, அவர்கள் பெயருக்கு முன்னால் தகப்பன் எழுத்து போய் நிறுவனத்தின் எழுத்து வந்தது. அவர்கள் வாதாடும் வழக்குகளே தொலைக்காட்சித் தொடர்களாகவும் ஓடின.

என் மகள் நிலமங்கை வேலைக்குக் கிளம்பியபோது கண்டிப்பாகச் சொன்னேன்: "என் எழுத்தை வித்துட்டு இந்த வாசப்படி ஏறாதே." எந்த நிறுவனம் என்றுகூடக் கேட்கவில்லை.

அவளுடைய முதல் வழக்கு ஒளிபரப்பான அன்று, திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன்.

"வீம்பு போதும், திரும்பிப் பாருங்க," என்றாள் மனைவி.

திரையில் 'வே. நிலமங்கை' என்றிருந்தது. என் பெயர் வேலாயுதம். பதறிப்போய் மகளை அழைத்தேன்.

"கம்பெனிக்காரங்களை எதிர்த்துக்கிட்டியாம்மா? வேலை போயிடுமே!"

"இல்லப்பா. பெரிய பெரிய கம்பெனியெல்லாம் கூப்பிட்டாங்க. 'வே'ல ஆரம்பிச்சது வேனில் சோப்பு ஒண்ணுதான். அங்க சேர்ந்துட்டேன். வாதத்துக்கு நடுவுல சோப்பைக் காட்டணும், அவ்வளவுதான்."

"காட்டு. நல்லா நிமிர்ந்து நின்னு காட்டு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "சார், டிவில வர்ற வேனில் நிலமங்கை நம்ம பாப்பாவா?"

"வேலாயுதம் நிலமங்கை," என்று திருத்தினேன்.