நாலு சில்லும் இழுக்கிற வான்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஆரூரன் எழுந்து கேத்திலைப் போட்டான். நிருஷாவின் நீலக் கோப்பையில் தேநீரை ஊற்றிக்கொண்டு, கைப்பேசியில் வீதி நிலவரம் பார்த்தான். பனி இல்லை. பூச்சியத்துக்கு மேல் நான்கு பாகை.

அவன் கடைசியாகக் கார் ஓட்டிப் பதினொரு மாதமாகிறது. இருந்தும் தினமும் பார்த்தான்.

ஏழு மணிக்கு மகள் சாருஜாவுக்குச் சப்பாத்து மாட்டி, அடுத்த தெருவில் இருக்கும் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்துக்கு நடத்திக்கொண்டு போனான்.

“அம்மாவின்ட வான் எப்ப வரும், அப்பா?”

“பேந்து வரும்.”

ஒன்பது மணிக்கு அனுஜன் வந்து ஹோர்ன் அடித்தான். நிருஷாவின் தம்பி.

“என்ன அத்தான், இன்னும் வெளிக்கிடேல்லையோ? பத்திநாதர் அண்ணை பத்துக்கு வரச்சொன்னவர். பிந்தினால் அந்தாள் எங்களைக் கொண்டே கராஜைக் கூட்டுவிக்கும்.”

இன்றைக்குப் புது வானுக்கான பேப்பரில் கையெழுத்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால், எல்லைக்கு அப்பால் வானை மாற்றியமைத்துக் கொடுக்கும் பட்டறையில் அடுத்த இடம் ஒன்றரை வருடம் கழித்துத்தான். முதலாம் வருட ஆட்டைத் திவசத்துக்கு முன் வானுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று மாமி, நிருஷாவின் அம்மா, ஒற்றைக்காலில் நின்றார்.

நிருஷாவின் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? மாமி அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கேட்டார். அவன் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. “நாலு சில்லும் இழுக்கிற வான் ஒண்டு எடுப்பம், பிள்ளையோட ஊர் ஊராப் போவம் எண்டவ.”

அன்றிலிருந்து அது நிருஷாவின் கடைசி ஆசை. நாலு சில்லும், நான்கு சக்கரமும், இழுத்திருந்தால் கார் சறுக்கியிருக்காது, தன் பிள்ளை தப்பியிருப்பாள் என்று மாமி எல்லோருக்கும் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல ஆரூரனுக்கு வழியில்லாமல் போனது.

வீட்டுக் கராஜின் மூலையில் கறுப்புப் பைகளில் நான்கு டயர்கள் அடுக்கியிருந்ததை அனுஜன் கண்டான்.

“பனிகாலத்துக்கு மாத்துற விண்டர் டயரோ? வானுக்கு இப்பவே வாங்கி வச்சிட்டியளோ?”

“ஓம்.”

ஆரூரனுக்கு ஓம் சொல்வது சுலபம். சொன்னால் கேட்டவர் அத்தோடு விட்டுவிடுவார்.

“அப்ப ஏத்துவம். அண்ணை ஒருக்காப் பாக்கட்டும்.”

வேண்டாம் என்று சொல்ல ஆரூரன் வாயைத் திறந்தான். அதற்குள் இரண்டு டயர் காரில் ஏறிவிட்டது.

அவர்கள் வீடிருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து அனுஜன் உள்வீதியாலேயே ஓட்டினான். ஹைவே என்றால் பாதி நேரம். ஆனால் போன நவம்பர் கடைசியில் உறைமழை பெய்த அந்தக் காலையில் நிருஷாவின் கார் சறுக்கிப்போய் லொறியோடு மோதியது அந்த ஹைவேயில்தான். அத்தான் பக்கத்தில் இருந்தால் அனுஜன் அதில் ஏறுவதில்லை.

பத்திநாதர் தன் கராஜில் வானுக்கான பேப்பர்களை மேசையில் பரப்பி வைத்திருந்தார்.

“வா தம்பி. கனடாக்காரர் எண்டால் அந்தப் பட்டறைக்காரருக்கு நாங்கள் கடைசிப் பந்தி. வானை இஞ்சை வாங்கி, லொறியில ஏத்தி, எல்லை தாண்டி அனுப்ப வேணும். அவங்கள் அடியைக் கழட்டி முன்சில்லுக்கும் இழுவை குடுப்பாங்கள். பேந்து சுங்கத்துக்கு ஒரு கட்டுப் பேப்பர். திரும்பி வரேக்க உன்ர மகள் லைசன்ஸ் எடுத்திடுவாள்.”

அனுஜன் சிரித்தான். ஆரூரன் பேனையை எடுத்தான்.

“ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை,” என்றார் பத்திநாதர். “நாலு சில்லும் இழுத்தால் பனிக்குள்ள வெளிக்கிடலாம். நிப்பாட்டுறது டயர்தான்.”

“டயரும் கொண்டந்திருக்கிறம் அண்ணை!” அனுஜன் ஓடிப்போய் ஒன்றை உருட்டி வந்து பையைக் கிழித்தான்.

பத்திநாதர் குனிந்து, பக்கவாட்டில் இருந்த இலக்கத்தை விரலால் தடவி வாசித்தார்.

“இது வானுக்கு வராது. சின்னக் கார் சைஸ்.” விரல் மேலே ஏறியது. புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடி ஒன்றுகூட உதிரவில்லை. “ஒருநாளும் றோட்டைக் கண்டதில்லை. திருப்பிக் குடுக்கலாம். பில் கிடக்கோ?”

பில் பைக்குள்ளேயே ஒட்டியிருந்தது. அனுஜன் அதைப் பிரித்தான்.

“நவம்பர் மூண்டு.” பிறகு வருடத்தைப் பார்த்தான். “போன வருசம்.”

அந்த வீட்டில் போன வருடம் இருந்தது ஒரேயொரு சின்னக் கார். அதைத் தினமும் ஓட்டியவள் அக்கா.

ஆரூரனின் பேனை பேப்பரில் ஒரு புள்ளியில் நின்றது. நகரவில்லை. மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது.

“அத்தான்.” அனுஜனின் குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. “அக்கா கடைசியா என்ன சொன்னவ?”

“வான் கதை கோடையில கதைச்சது.”

“அண்டைக்கு என்ன சொன்னவ?”

“வாசல்ல நிண்டு கேட்டவ. இஞ்சாருங்கோ, டயர் மாத்தியாச்சுத்தானே எண்டு. நான் போர்வைக்குள்ள கிடந்துகொண்டு ஓம் எண்டன்.”

“அதுக்கு அக்கா?”

“‘அப்ப நான் ஹைவேயாலையே போறன்.’”