காவல் கோபுரத்தில் ஒரு நிமிடம்

ஒன்பது வருடம் சிறையில் இருந்து, போன மாதம் விடுதலையான கணவன் தேவநேசனை, காற்றாட நடக்கட்டும் என்றுதான் சகாயராணி அந்தப் பழைய கோட்டைக்கு அழைத்து வந்தாள். அதன் காவல் கோபுரம் ஒரு காலத்தில் சிறையாக இருந்தது என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் தெரிந்தது.

"வாங்க, திரும்பிடலாம்," என்றாள்.

அதற்குள் காவலாளி, "எல்லாரும் ஒரு நிமிஷம் கைதியா இருந்து பாருங்க," என்று விளையாட்டாகக் கதவைச் சாத்திவிட்டார். இருட்டில் மற்றவர்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். அவள் கணவனின் கையைத் துழாவினாள். அகப்படவில்லை.

கதவு திறந்ததும் எல்லோரும் முண்டியடித்து வெளியேறினார்கள். தேவநேசன் மட்டும் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எந்திரிங்க, போலாம்," என்று தோளை உலுக்கினாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. காவலாளியிடம், "ஐயா, நான் போலாங்களா?" என்று கேட்டான்.