வரதனின் கை நடுக்கம்

“கை நடுங்குது நைனா. என்னால ஆவாது.”

வரதன் கத்தியை மடக்கித் தோல் பைக்குள் வைத்துவிட்டார்.

பருத்திப்பட்டில் சவரமும் அவர்தான், சீழ்க்கட்டி கீறுவதும் அவர்தான். ஆலமரத்தடியில் அவர் முன்னால் கழுத்துக் கட்டியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தசரதனுக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரில் பாதி நஞ்சை அவருடையது. வரதனைவிட எட்டு வயது இளையவர். ஆனாலும் வாயில் வருவது எப்போதும் ‘வாடா வரதா’தான்.

“இன்னாடா வெளாட்டு காட்றே? எங்க நைனா முதுகுல உள்ளங்கை அகலம் கட்டி. ஒரே கீறல்ல நீதானே எடுத்தே?”

“அது பத்து வருசத்துக்கு மின்னே.”

“இது எலுமிச்சங்கா அளவுதான் கீது. இதுக்கு இன்னா வந்துச்சு?”

வரதன் பார்க்காமல் சொல்லவில்லை. முதலில் இரண்டு விரலால் கட்டியை உருட்டினார். அது வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

“வலிக்குதா?” என்று கேட்டார்.

“இல்ல.”

அழுத்தினார். “இப்போ?”

“இல்லடா, அறு!”

அதற்குப் பிறகுதான் நடுக்கம் வந்தது. இப்போது கையை நீட்டியே காட்டினார். விரல்கள் கிடுகிடுவென்று ஆடின.

“பட்டணத்துப் பெரியாஸ்பத்திரில கட்டி எடுக்கிறதுக்குன்னே படிச்ச டாக்டருங்க இருக்காங்க. அங்க போங்க நைனா.”

“தோடா! அங்க போனவன் எவன் நடந்து வந்தான்?”

ஆறு மாதமாக இதே யோசனையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் தசரதனின் மனைவி தாட்சாயிணி.

தசரதன் விறுவிறுவென்று எழுந்து போனார். போனவர் சும்மா போகவில்லை. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், “வரதன் கதை முடிஞ்சுது. கை தந்தியடிக்குது” என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஊருக்கு இது போதாதா? நடுங்குகிற கையில் எவன் தொண்டையைக் கொடுப்பான்?

மறுநாள் ஆலமரத்தடிக்கு ஒரு தாடிகூட வரவில்லை. ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. அங்கே நிலைக்கண்ணாடி மாட்டி ஒரு சவரக்கடையும் புதிதாக வந்திருந்தது. எல்லாத் தாடிகளும் அங்கே நடந்தன. வரதன் மட்டும் தினமும் மரத்தடியில் பையைப் பிரித்து வைத்து, மத்தியானம் மூடிக்கொண்டு போனார்.

பதினைந்து நாள் தசரதன் முறுக்கிக்கொண்டிருந்தார். கட்டி மசியவில்லை. வேறு வழியில்லாமல் மாடுகளை மச்சானிடம் ஒப்படைத்தார். திரும்பி வரப்போவதில்லை என்பதுபோல் ஒவ்வொன்றையும் தடவிக்கொடுத்துவிட்டு, தாட்சாயிணியோடு ரயில் ஏறினார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் சத்தியராஜ் கட்டியை இரண்டு விரலால் உருட்டினார்.

“வலிக்குதா?”

“இல்லீங்க. எங்க ஊரு வரதனும் இப்டித்தான் உருட்டுனான்.”

“யாரது?”

“சவரம் பண்றவன். அறுக்கச் சொன்னேன். கை நடுங்குதுன்னு உட்டுட்டான்.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நடுங்கினது உங்க அதிர்ஷ்டம். இது சீழ் இல்லை, வெறும் கொழுப்பு. உயிருக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது. சீழ்னு நினைச்சுக் கீறியிருந்தா, நீங்க ரயில் ஏறியிருக்க மாட்டீங்க.”

அரை மணி நேரத்தில் கட்டி வெளியே வந்துவிட்டது. எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். தசரதன் நடந்தே வெளியே வந்தார். அவருக்கே ஆச்சரியம்.

ஊர் திரும்பியதும் அவர் மனம் கொஞ்சம் இளகியிருந்தது. ‘பாவம், கை போன மனுஷன். அந்தக் கை நடுங்கினதால்தானே நான் பிழைத்தேன்.’ ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு வரதன் வீட்டுக்குப் போனார்.

கொல்லையில் வரதன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்பது மாதப் பேத்தி. தலை முழுக்கச் சிரங்கு. மொட்டை அடித்துக்கொண்டிருந்தார்.

குழந்தை வீறிட்டுக்கொண்டு இப்படியும் அப்படியும் திமிறியது. கத்தி ஒவ்வொரு சிரங்கையும் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

தசரதன் தாரை இறக்கக்கூட மறந்து நின்றார்.

“வரதா... கை?”

வரதன் திடுக்கிட்டார். மறைப்பதற்கு வழியில்லை.

“அறுக்கக் கூடாத கட்டின்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா?”

“சொன்னா உட்டுருவீங்களா நைனா? ஊட்டம்மா ஆறு மாசமா சொல்லிக்கினு இருந்தாங்க, கேட்டீங்களா? நீங்க அறுடான்னா, இந்த ஊர்ல குடியிருக்கிறவன் நான் மாட்டேன்னு சொல்ல முடியுமா? என் கையைத்தான் கொறை சொல்ல முடியும்.”

“அதுக்காக ஊர்ச் சவரமே போச்சேடா! நானே ஊரெல்லாம் சொல்லிட்டேனே!”

வரதன் குழந்தையின் தலையை ஈரத்துணியால் ஒற்றினார்.

“தாடி மறுபடி மொளைக்கும் நைனா. கழுத்து மொளைக்குமா?”

தசரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. தாரை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை, ஆவடிக்குக் கிளம்பிய தாடிகள் ஆலமரத்தடியில் நின்றுவிட்டன. அங்கே தசரதன், புதுத் தழும்பு தெரிய அண்ணாந்து, தொண்டையை நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரதன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

“நைனா, கழுத்து பத்திரம்!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

தசரதன் திரும்பவில்லை. ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“நீங்க ஆரம்பிங்க, அண்ணாத்தே.”