அனுப்பு பட்டனுக்குப் பிறகு

பிரசவ வலியில் துடிக்கும் மனைவி அனுராதாவோடு சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு மலையிறங்கிய தரணிதரனின் ஜீப், ரோட்டை மறித்துக் கிடந்த மரத்தின் முன் நின்றது. அவன் குதித்திறங்கிக் கத்தினான்:

"பாதை நிலவர வெப்சைட்டுல ரோடு சரியா இருக்குன்னுதானே காட்டுச்சு!"

அங்கே நின்றிருந்த மாராயி சொன்னாள்: "மரம் விழுந்ததைக் காத்தாலயே பாத்துட்டு, அதுல ஒத்தை விரல்ல அரைமணி நேரம் அடிச்சனுங்க. அனுப்புன்னு அமுக்குனதுக்கப்புறம் லாகின் பண்ணச் சொல்லுது. ஓடிபி வரலைங்க. அடிச்சதெல்லாம் அழிஞ்சே போச்சு."

மாராயி விடவில்லை:

"ரோட்டுல மரங் கெடக்குதுன்னு சொல்ல, நான் யாருன்னு எதுக்குங்க? அதைச் செஞ்சு வெச்ச மகராசன் ஊட்டுக்கு இப்படியொரு அவசரம் வந்தாத்தான் புத்தி வரும்!"

தரணிதரன் தலை குனிந்தான்.

அனுராதா பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள்: "வந்துருச்சுங்கக்கா. அந்த மகராசன் இவருதான்."