மதினி கையில் இருந்த பட்டை

முடக்குவாதக்காரர்கள் எல்லோருக்கும் கைப்பட்டை கொடுத்திருந்தார்கள். வீக்கம் கண்டால் பட்டை சிவக்கும். உலகத்து ஆஸ்பத்திரிகளெல்லாம் பட்டைகள் அனுப்பிய கணக்கைச் சேர்த்துப் படித்து, மூன்று வருஷத்தில் அவரவர் உடம்புக்கேற்ற மருந்தைக் கண்டுபிடித்துவிட்டன. விரல் மடங்கிக் கிடந்த எஸ்தர் இப்போது உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாருகிறாள்.

செல்லக்கனியின் முறை வந்தது. நர்ஸ் திரையைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு நோயே இல்லன்னு காட்டுதேக்கா. எத வச்சு மருந்து குடுக்க?"

சிவந்த பட்டையைக் கண்டால் உப்பளத்துக் கங்காணி வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்று, முதல் நாளே செல்லக்கனி அதை நோயில்லாத மதினியின் கையில் கட்டிவிட்டிருந்தாள்.

"இனிமே கட்டுனா?"

"இன்னும் மூணு வருசம்."

வாசலில் நின்ற மதினி பட்டையைக் கழற்றினாள். "ஒரு நாளாவது எனக்குக் கை வலிச்சிருக்கக் கூடாதாட்டி" என்று அழுதபடியே செல்லக்கனிக்குக் கட்டப் பார்த்தாள்.

வீங்கிய மணிக்கட்டில் கொக்கி எட்டவில்லை.