கடைசியாக ஏறிய ஃபைல்கள்

"எல்லாரும் ஃபைலைக் கொடுத்துட்டாங்க. வெண்டல் மட்டும் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டேங்கிறார்" என்றான் டார்சி.

மொரீனுக்கு முகம் சுருங்கியது.

கனடாவின் மாங்க்டனில் சமையலறை அலமாரிகள் செய்யும் பட்டறை அவளுடையது. போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதோடு ஒரு வீட்டின் வரைபடங்கள் மொத்தமும் போய், முதலிலிருந்து அளவெடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் டார்சியைக் கூப்பிட்டு, எல்லார் ஃபைலும் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்க ஒரு சர்வர் கட்டித் தரச் சொன்னாள்.

டார்சி ஒரு பெட்டிக்குள் நாலு ஹார்டு டிஸ்க்கைப் பூட்டினான். ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றிவிடும். மரத்தூள் புகாமல் இருக்க, பட்டறை ஆட்களே மேப்பிள் பலகையில் அதற்கோர் அலமாரி செய்து கதவுக்கு வலையும் அடித்துக் கொடுத்தார்கள். "என் வீட்டு கிச்சன்லகூட இப்படி ஒண்ணு கிடையாது" என்று செய்தவனே பொறாமைப்பட்டான்.

எல்லாம் தயார். வெண்டல்தான் பாக்கி.

மொரீனின் அப்பா காலத்து ஆள் அவர். வரைபடங்களை, பலகை வெட்டும் மெஷினுக்கு அனுப்புவது அவர் வேலை.

"என்ன பிரச்னை, வெண்டல்?"

"ஒண்ணுமில்ல. நானே ஒழுங்குபண்ணிக் கொடுத்துடறேன்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க."

அடுத்த மேசையில் இருந்த ஜனெல் குறுக்கிட்டாள். வீடு வீடாகப் போய் அளவெடுத்து வரைபடம் போடுகிறவள்.

"விடுங்க மொரீன். அவர் புதையல் காக்கறார். எல்லாம் நம்ம கைக்கு வந்துட்டா அப்புறம் அவரை யார் தேடுவாங்க?"

"அப்படி இல்ல, ஜனெல்."

"பின்ன எப்படி? நான் பக்கத்துல வந்தாலே திரையை மூடறீங்க. நான் என்ன திருடவா வரேன்?"

வெண்டல் தலைகுனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் மொரீனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாம் சர்வர்ல இருக்கணும். இல்லைன்னா உங்க இடத்துக்கு நான் வேற ஆள் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சொல்ல எனக்கே பிடிக்கல."

"புரியுது" என்றார் வெண்டல்.

வெள்ளிக்கிழமை காலை டார்சி வந்தபோது, அவர் தன் காபிக் கோப்பையையும் கையுறைகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பறீங்களா?"

"யோசிச்சுப் பார்த்தேன். அதுதான் சுலபம்னு தோணுது."

"நீங்க போனாலும் கம்ப்யூட்டர் இங்கதானே இருக்கும்? நாளைக்கு நான் திறந்துதானே ஆகணும்?"

இது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, அதை டார்சி பக்கம் தள்ளினார்.

"அப்ப நீயே பார்த்துக்கோ. கதவை மட்டும் சாத்திக்கோ."

டார்சி வெளியே வந்தபோது எல்லாரும் மேசையில் மதிய சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சுது. எல்லாம் ஏறிடுச்சு."

"அப்படி என்னதான் ஒளிச்சு வச்சிருந்தார்?" என்றாள் மொரீன்.

டார்சி வெண்டலை ஒருமுறை பார்த்தான்.

"மீன் பிடிச்ச போட்டோ. மிராமிஷி ஆத்துல சால்மனோட நிக்கறது, உட்காரறது, முத்தம் கொடுக்கறது. மெஷினே மூச்சுத் திணறுது."

மேசையே சிரித்தது.

"இதுக்காகவா வேலையை விடற அளவுக்குப் போனீங்க?" என்றாள் மொரீன்.

வெண்டல் சூப்பைக் கலக்கிக்கொண்டே, "என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிடாதீங்க. அந்த நாளெல்லாம் நான் ஓவர்டைம் பார்த்ததா நினைச்சுட்டிருக்கா" என்றார்.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது ஜனெல்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "நான் வேற என்னென்னமோ நினைச்சேன், பெரியவரே" என்று தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியை அவருக்குப் பிட்டு வைத்தாள்.

சாயங்காலம் டார்சியின் வேன் வரை கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார் வெண்டல்.

"நான் ஆயுசுல பிடிச்ச மீனைவிட நீ சொன்னது ஜாஸ்தி."

டார்சி சிரித்தான். "ஜனெல் கம்ப்யூட்டர்ல இருந்த வரைபடங்களை முதல்ல ஏத்தினேன். அதையே நீங்க திருத்தி வச்சிருந்ததைக் கடைசியா ஏத்தினேன். ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் வந்தா, பின்னால வந்ததுதான் நிக்கும். இனிமே யார் திறந்து பார்த்தாலும், ஜனெல் போட்ட அளவு எல்லாமே சரியாத்தான் இருக்கும்."

வெண்டல் பெட்டியை வேனுக்குள் வைத்தார். "குழந்தை பிறந்து லீவு முடிஞ்சு வந்ததிலேருந்து அவளுக்குச் சரியான தூக்கம் இல்ல. முப்பத்தாறு அங்குலத்தை அறுபத்து மூணுன்னு போட்டுடுவா. பலகையை வெட்டறதுக்கு முன்னாடி நான் மாத்திடுவேன்."

"இது அவங்களுக்குத் தெரியவே வேண்டாமா?"

"எதுக்கு? குழந்தை இப்ப தூங்க ஆரம்பிச்சிடுச்சு போலிருக்கு. இந்த வாரம் நான் ஒண்ணைக்கூடத் தொடல."